நல்ல பக்கம் கொஞ்சம் சும்மா இருக்கட்டும்

ஜானகியின் தலையில் காந்தம் வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று டாக்டர் நிருபமா சொன்னபோது, ஜானகியைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். காந்தம், கம்பி சுற்றின காயில், கரண்ட் மூன்றும் என்னுடைய சங்கதி. அல்சூரில் முப்பது வருஷத்துக்கு மேல் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவன் நான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவிப் போட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி மூடிக் கொடுத்தால் அது இன்னும் பத்து வருஷம் தண்ணீர் இறைக்கும். அப்பாதுரை கை பட்ட மோட்டார் திரும்பி வராது என்று அந்தச் சந்தில் பெயர். மனைவியின் கை மட்டும் என்ன, காந்தம் வைத்தால் ஓடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன தீபாவளி கழிந்த வாரம் ஒரு காலை நேரத்தில், காபி டம்ளரை எடுக்கப் போன அவளுடைய வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். பேச்சு சில நாள் குழறிவிட்டுப் பழையபடி வந்துவிட்டது. எந்த நோயாலும் ஜானகியின் பேச்சை ரொம்ப நாள் கட்டிப்போட முடியாது. காலும் பரவாயில்லை, லேசாக இழுத்து நடப்பாள். கை மட்டும் வரவில்லை. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும், கட்டைவிரல் அவற்றுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு வலது கை நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சமையற்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் சாம்பார் வைத்தேன், தலை வாரிப் பின்னிவிட்டேன், புடவைக் கொசுவம் வைத்துச் செருகிவிட்டேன். அவள் டம்ளரைப் பார்த்தால் போதும், டம்ளர் அவள் வாயருகில் இருக்கும். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "உன் வீட்டுக்காரர் மாதிரி வருமா" என்றார்கள். ஜானகி தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

எங்கள் ஒரே மகள் பார்கவி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாசம் வளைகாப்பு, லிங்கராஜபுரத்தில் அவள் புருஷன் வீட்டு மாடியில். எங்கள் வழக்கப்படி முதல் வளையலைப் பெற்றவள்தான் போடவேண்டும், அதுவும் வலது கையால். சுபகாரியத்தில் இடது கை முன்னால் வரக்கூடாது. நாள் குறிக்க வந்த சம்பந்தி எல்லம்மா நல்ல மனுஷி. ஜானகியின் மடியில் கிடந்த கையைப் பார்த்துவிட்டு, அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் சொன்னாள்.

"நீங்க பக்கத்துல உக்காந்து வளையலைத் தொட்டு மட்டும் குடுங்க அக்கா. உங்களுக்குப் பதிலா நான் போட்டுட்றேன். யாரு போட்டா இன்னா, எல்லாம் ஒண்ணுதான்."

ஜானகி சிரித்தாள், காபி குடிக்கச் சொன்னாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் அங்கேயே நின்று அழுதாள். நான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எம்பொண்ணுக்கு நான்தான் போடுவேன். முடியலைன்னா அந்த மாடிப்படி ஏறவே மாட்டேன். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

சொன்னால் செய்கிறவள் அவள். மகளுடைய வளைகாப்பில் பெற்றவள் இல்லாமல் நான் மட்டும் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் காந்த வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார்.

முதல் நாள் மெட்ரோ ஏறி, பிறகு ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காந்தம் வைக்கிற அறையில் அமல் என்று ஒரு பையன், பிசியோதெரபிஸ்ட். இரும்புச் சாமான் எதுவும் இருக்கக்கூடாது என்றான். ஜானகி கொண்டை ஊசி, தோடு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற, நான் சட்டைப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கடைசியில் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகள் வந்தன. ஒரு கடையே வைக்கலாம், அவ்வளவு ஊக்கு.

காயிலைப் பார்த்தேன். எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த மாதிரி, பிளாஸ்டிக் மூடி போட்டு, தடித்த கேபிளோடு அழகாக இருந்தது. அமல் அதை ஜானகியின் தலையில் வைத்தான். வலது பக்கத்தில். கேஸ் லைட்டரைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். ஜானகியின் இடது கட்டைவிரல் துள்ளியது. நல்ல கையில் இருக்கிற விரல்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"தம்பி, நிறுத்து. அடிபட்டது லெஃப்ட் சைடு. நீ ரைட்ல வெச்சிக்கினு இருக்கே. கனெக்‌ஷனே தப்பு."

"இல்ல அங்கிள், ரைட்ல தான் வைக்கணும்."

"எனக்கே காயில் பத்திச் சொல்லித் தர்றியா? முப்பது வருஷம் சுத்தியிருக்கேன். எரிஞ்ச பக்கத்தை விட்டுட்டு எரியாத பக்கத்தை எவனாச்சும் ரிப்பேர் பண்ணுவானா? டாக்டரைக் கூப்பிடு."

ஜானகி பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்னிரி" என்றாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். சும்மா இருங்கள் என்று மரியாதையாகச் சொன்னாலும் அதில் மரியாதை இருக்காது. அதற்குள் நான் வராந்தாவுக்குப் போய் டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர் நிருபமா சிரிக்கவில்லை, அதற்கே அவரைப் பாராட்டவேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், மூளையில ரெண்டு பாதி இருக்கு. நார்மலா ரெண்டும் ஒண்ணையொண்ணு கொஞ்சம் அடக்கி வச்சிருக்கும், பேலன்ஸா இருக்கும். ஒரு பக்கம் அடிபட்டுட்டா, நல்லா இருக்கற பக்கத்தைக் கேக்க ஆள் இல்ல. அது ஓவரா வேலை செஞ்சு, அடிபட்ட பக்கத்தை மேல வரவிடாம அமுக்கிடும். நாங்க மெதுவா, செகண்டுக்கு ஒரு தட்டு மாதிரி காந்தம் குடுத்தா, நல்ல பக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். அந்த நேரத்துல கைக்குப் பயிற்சி குடுக்கறோம். அடிபட்ட பக்கத்துக்கு ஒரு சான்ஸ்."

"அப்ப நல்ல பக்கத்தைப் போய் அடக்கறீங்க."

"கெட்டது ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்றோம், அவ்வளவுதான். எல்லாருக்கும் பலன் இருக்கும்னு நான் பிராமிஸ் பண்ணமாட்டேன். பயிற்சி இல்லாம வெறும் காந்தத்தால ஒண்ணும் நடக்காது."

ஜானகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். டாக்டர் மூளையைப் பற்றித்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கையால் என்ன செய்ய ஆசை என்று அமல் கேட்டான். எம்பொண்ணுக்கு வளையல் போடணும் என்றாள். அப்படியானால் அதையே பழகுங்கள் என்றான். இடது கைக்குப் பெரிய உறை ஒன்றை மாட்டிவிட்டு, வீட்டிலும் தினம் வலது கையால் வளையலைப் பிடித்து யாருக்காவது போட்டுப் பழகவேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? திரும்புகிற வழியில் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கினேன். கடைக்காரர் அளவு கேட்டார். என் கையை நீட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு இருப்பதிலேயே பெரிய சைஸை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் நாற்காலியைப் போட்டு எதிரெதிரே உட்காருவோம். நான் கையை நீட்டுவேன். அவள் சுருண்ட விரல்களைப் பிரித்து, விரல் இடுக்கில் வளையலைப் பிடிப்பாள். முதல் நாளெல்லாம் வளையல் நழுவி மடியில் விழுந்தது. பிறகு பிடி நின்றது. பிறகு என் விரல் நுனிகளில் மாட்டியது. ஒரு வாரத்தில் ஒரு வளையல் மணிக்கட்டுவரை ஏறிவிட்டது. அடுத்த வாரம் நான்கு. சிவப்பும் பச்சையுமாக வளையல் போட்ட கையோடு கதவைத் திறந்து கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார். உள்ளே ஜானகி சிரித்த சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசம் ஆகியிருந்தது.

பார்கவிக்குப் போன் போட்டு, "உங்கம்மா ஜம்முனு போட்றா" என்றேன். அமலிடமும் அப்படியே சொன்னேன். அவன் நம்பினான்.

"அப்ப எனக்குப் போடுங்க ஆன்ட்டி" என்று ஒரு நாள் அவன் காந்தம் வைத்து முடித்ததும் கையை நீட்டினான். என்னுடையதைவிட மெலிந்த கை. ஜானகி உற்சாகமாகப் பையிலிருந்து வளையலை எடுத்தாள். விரல் நுனிக்குப் போனது, விரல் முட்டியில் நின்றது. அழுத்தினாள். நகரவில்லை. மறுபடி அழுத்தினாள். வளையல் தெறித்துத் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் முட்டியிலேயே நின்றது.

"வீட்ல ஈஸியா ஏறுதுன்னு அங்கிள் சொன்னாரே" என்றான் அமல், குற்றமாக இல்லை, குழப்பமாக.

ஜானகி வளையலைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கையைக் குடுங்க" என்றாள் என்னிடம். நீட்டினேன். போட்டாள், சுலபமாக ஏறியது. அவள் வளையலைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினதும்தான் வாயைத் திறந்தாள்.

"நான் போடல. நீங்கதான் கையை நொழைச்சிக்கினீங்க."

"இல்ல ஜானகி."

"முட்டி வந்தா கையைக் குறுக்கறீங்க, அப்பால முன்னால தள்றீங்க. வளையல் சும்மா நிக்குது, உங்க கைதான் அதுக்குள்ள போவுது."

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் நெற்றியில் வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறபோது என் கை தானாகப் போய்விடும். முதல் நாள் எனக்கே தெரியாது. அப்புறம் தெரியும், ஆனால் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எப்படி நிறுத்துவது?

"நீ சந்தோஷமா இருக்கட்டும்னுதான்" என்றேன்.

"எனக்கு சந்தோஷம் வேணாம். கை வேணும்."

அன்று ராத்திரி நான் தோசை வார்த்துத் தட்டில் பிட்டுப் போட்டுக் கொடுத்தேன். தட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். முழு தோசையாகப் போடுங்கள் என்றாள். அதை வலது கையால் பிய்க்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, தோசை காய்ந்து வறட்டியாகிவிட்டது. நான் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். எனக்கும் கோபம்தான். யாருக்காக இத்தனையும் செய்தேன்? மாசக்கணக்கில் ராத்திரி பகல் பார்க்காமல் செய்தவனுக்கு இதுதானா மரியாதை என்று தெருவிளக்கிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிச் சுவரில் நான் பார்த்த அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது. நல்ல பக்கத்தைச் சும்மா இருக்கச் சொல்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது ஜானகி எதற்காக என்னை அப்படிப் பார்த்தாள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் கடைசி விள்ளலை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து சட்டம் மாறியது. என் கை மரக்கட்டை மாதிரி கிடக்கவேண்டும். சொல்வது சுலபம். மோட்டார் சுற்றுகிறபோதுகூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. அவள் அழுத்த அழுத்த என் தோளிலிருந்து ஒரு துடிப்பு கிளம்பிக் கைக்கு வரும், அதைப் பிடித்து நிறுத்தவேண்டும். டிவியைப் போட்டுப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன், அதுதான் சரிப்பட்டது. தண்ணீர் டம்ளரை அவளே எடுத்தாள், பாதி மேலே சிந்தியது. நான் துண்டோடு எழுந்தால் "உக்காருங்க" என்பாள். உட்காருவேன். வீடெல்லாம் ஈரம்.

கொஞ்ச நாளைக்கு ஒரு வளையல்கூட ஏறவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்து ஒன்றைச் சுவரில் எறிந்தாள், இடது கையால். இன்னொரு நாள், போதும், எல்லம்மாவே போடட்டும் என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. போகாமல் இருப்பதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அரைமணி கழித்து அவளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு மத்தியானம், கண்ணை மூடிக் கையை நீட்டியிருந்தேன். என் முட்டி எலும்பின் மேல் ஏதோ குத்தியது. வழக்கமாக அவள் உள்ளங்கையால் தள்ளுவாள், அது மொத்தமாகத் தெரியும். இது வேறு, ஒரே இடத்தில், கூர்மையாக. அவளுடைய கட்டைவிரல். அத்தனை மாசம் பதுங்கிக் கிடந்தது வெளியே வந்து என் எலும்பை அழுத்திக்கொண்டிருந்தது. நன்றாக வலித்தது. கண்ணைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று திறக்கவில்லை. வளையல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தோலைச் சிராய்த்து, முட்டியைத் தாண்டியது. "தூங்கிட்டீங்களா" என்றாள். "இல்ல, சொல்லு" என்றேன்.

காந்தம் வைக்கிற நாட்கள் முடிந்தன. டாக்டர் நிருபமா அவள் கையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பழைய கை அப்படியே வரும் என்று சொல்லமாட்டேன், பயிற்சியை விடாதீர்கள் என்றார். வீட்டில் மூன்றுக்கு ஒரு வளையல் ஏறிக்கொண்டிருந்தது. சபையில் ஏறுமா என்று யாராலும் சொல்லமுடியாது. வளைகாப்பு அன்று காலை ஜானகி பச்சைப் பட்டுப் புடவையை எடுத்தாள். கொசுவத்தை நான்தான் வைத்தேன், அதற்கு அனுமதி இருந்தது. லிங்கராஜபுரத்தில் மாடிப்படி ஏறினாள்.

மாடியில் துணிப் பந்தல் போட்டு நாற்காலிகள் நிறைந்திருந்தன. நடுவில் பார்கவி, கழுத்து நிறைய மாலையோடு. ஆண்கள் பின்னால் நிற்கவேண்டும் என்பதால் நான் தண்ணீர் டிரம் பக்கத்தில் இருந்தேன். ஜானகி மகளுக்கு எதிரே உட்கார்ந்து, சந்தனம் தடவி, தாம்பாளத்திலிருந்து ஒரு வளையலை எடுத்தாள். வலது கையால். எடுத்ததற்கே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பார்கவியின் கையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மாசமாக இருப்பதில் கை வீங்கி, முட்டிகள் பூரித்து இருந்தன. என் கையைவிட மோசம்.

வளையல் விரல்களைத் தாண்டி முட்டியில் நின்றது. ஜானகி அழுத்தினாள். நகரவில்லை. மூச்சு விட்டு மறுபடி அழுத்தினாள். பந்தலில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பார்கவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தன் தோளை லேசாக முன்னால் கொண்டுவந்தாள். எனக்குத் தெரியாதா அது என்ன என்று? ஜானகிக்கும் தெரிந்தது.

"கையை ஆட்டாதம்மா. சும்மா வெச்சிக்க."

யாரோ ஒரு அம்மா, "லெஃப்ட் கையால ஒரு பிடி பிடிச்சிக்கயேன், சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது" என்றாள். ஜானகி கேட்காத மாதிரி இருந்தாள். அவள் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிப் பொட்டைக் கரைத்தது. பொறுக்கமுடியாமல் எல்லம்மா குனிந்து, "நான் லேசா தள்ளிவிட்றேன் அக்கா" என்று கையைக் கொண்டுபோனாள். நான் எப்போது டிரம்மைவிட்டுப் பெண்களைத் தாண்டி முன்னால் வந்தேன் என்று தெரியவில்லை. என் கையும் நீண்டிருந்தது, வளையலை நோக்கி. அதை இழுத்து மறு கையால் பிடித்துக்கொண்டேன்.

"சம்பந்தியம்மா, கையை எடுத்துக்கங்க. அவ போடுவா."

"பாவம் அண்ணே, கஷ்டப்படறாங்க."

"படட்டும். நமக்கு நேரம் இருக்குது."

எல்லம்மா கையை எடுத்துக்கொண்டாள். எத்தனை நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஜானகி பிடியை மாற்றினாள், கட்டைவிரலை மகளுடைய முட்டியின் மேல் கொண்டுவந்து வைத்தாள், அழுத்தினாள். பார்கவி "ஸ்" என்றாள், கையை இழுக்கவில்லை. வளையல் முட்டி மேல் ஏறி, ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் இறங்கி மணிக்கட்டில் விழுந்தது.

பந்தல் முழுக்க ஒரே சத்தம். பார்கவி அழ, எல்லம்மா அழ, டிரம் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைகூட மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஜானகி மட்டும் அழவில்லை. மகளின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு சந்தோஷமாக என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை, அதை ஜானகியிடமே அப்புறம் சொன்னேன்.

ஒன்று போட்டால் போதும், மற்றவர்கள் தொடரலாம் என்றாள் எல்லம்மா. ஜானகி தலையாட்டவில்லை. மகளின் இன்னொரு கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கீழே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வளையல் குடுங்க."

தாம்பாளத்திலிருந்து ஒரு சிவப்பு வளையலை எடுத்தேன். அவளுடைய விரல்களைப் பிரித்து நானே உள்ளே வைக்கவில்லை. இரண்டு அடி தள்ளி, வெறுமனே நீட்டிக்கொண்டு நின்றேன். அவளுடைய வலது கை மெதுவாக மேலே வந்தது, கொஞ்சம் தடுமாறியது, பிறகு என் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டது.